நாற்பத்தெட்டுக் கிலோவுக்காக எம்பிலிப்பிட்டியவுக்கு

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நானும் என் தங்கை யோகேஸ்வரியும் தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் நின்றோம். தேயிலைத் தோட்டத்து ரோடு உடைந்து கிடப்பதால் த்ரீவீலர்காரர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார். மிச்சத் தூரம் நடை. நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வாரம் முழுக்க நின்றுவிட்டு முதல் நாள் மாலைதான் வீட்டுக்கு வந்திருந்தேன். கால் வீக்கம் இறங்கவில்லை. யோகா என்னைவிடச் சோர்ந்திருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் பளு தூக்குகிறவள். பெண்களில் எடை குறைந்தவர்களுக்கான பிரிவு. முன்பு அவளுடைய பிரிவு நாற்பத்தொன்பது கிலோவாக இருந்தது. அதில் ஒருமுறை வெளிநாட்டுக்கும் போய், கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். பிறகு உலகம் முழுக்கப் பிரிவுகளை மாற்றினார்கள். நாற்பத்தொன்பது போய் நாற்பத்தெட்டு வந்தது. அதை விட்டால் ஐம்பத்து மூன்றுதான். கேட்கிறவர்களுக்கு ஒரு கிலோதானே என்று தோன்றும். சதையே இல்லாத உடம்பில் அந்த ஒரு கிலோவை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் எம்பிலிப்பிட்டியவில் தெரிவுப் போட்டி. இரண்டு வகைத் தூக்குதலும் சேர்த்து நூற்றைம்பத்தைந்து கிலோ வந்தால் மறுபடி வெளிநாட்டுக்குப் பெயர் போகும். கோச்சுக்கு டெங்கு. அதனால்தான் ஒன்றும் தெரியாத நான் துணைக்குப் போனேன்.

அவிசாவளையில் இரத்தினபுரி பஸ் ஏறினோம். யோகா சுவிங்கம் மென்று எச்சிலை ஒரு வெற்றுப் போத்தலில் துப்பிக்கொண்டே வந்தாள். உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குறைக்க அதுவும் ஒரு வழியாம். எஹலியகொட தாண்டியதும் பக்கத்து சீட்டில் இருந்த முஸ்லிம் அம்மா கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து அவளிடம் நீட்டினார். இரத்தினபுரியில் அவர்களுக்குப் பாத்திரக்கடை இருக்கிறதாம்.

“மணந்து பாருங்க புள்ள, வாந்தி நிக்கும். எத்தின மாசம்?”

யோகா வெட்கத்தோடு சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பசியோட கெடந்தா எப்பிடிப் புள்ள தூக்குற?” என்றார்.

குருவிட்ட பக்கத்தில் வயல் நடுவே மாணிக்கக் கல் தோண்டும் குழிகளும் அவற்றின் மேல் ஓலைக் கொட்டகைகளும் தெரிந்தன. அதைக் காட்ட யோகாவைத் தொட்டேன். கண் மூடியிருந்தாள்.

இரத்தினபுரியில் பஸ் மாறினோம். அங்கிருந்து எம்பிலிப்பிட்டியவுக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். பெல்மதுளை, கஹவத்தை வரைக்கும் எங்கள் ஊர் மாதிரியே தேயிலையும் ரப்பரும். கொடகவெல போனபின் பச்சை வெளுத்துக் காற்று சூடாகியது. இறங்கியபோது தார் ரோடு செருப்பையும் மீறிச் சுட்டது. தூக்க வந்த பெண்களுக்கெல்லாம் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாய் போட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வாசனை வந்ததும் யோகா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எடை பார்த்தார்கள். எடை பார்க்கும் அறை ஒரு மணி நேரம் திறந்திருக்கும். அதற்குள் எத்தனை தடவையும் ஏறிப் பார்க்கலாம். யோகா முதல் தடவை ஏறி இறங்கி வந்தபோது முகம் கறுத்திருந்தது. இருநூறு கிராம் கூட.

என்னுடைய ஜெர்சியையும் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு வியர்வையில் அதைக் குறைக்க மைதானத்தில் ஓடத் தொடங்கினாள். இரண்டு சுற்றில் கால் பின்னியது. அப்போது தில்ருக்ஷி என்ற பெண் அவளுடன் வந்து ஓடினாள். எம்பிலிப்பிட்டியக்காரி, யோகாவின் அதே பிரிவு. அவளுக்கு எடை ஏற்கெனவே சரியாகிவிட்டது. கையில் பிஸ்கட் பெட்டியோடு, தின்றுகொண்டே ஓடினாள். “தவ பொட்டய் நங்கி,” இன்னும் கொஞ்சந்தான் தங்கச்சி என்று சொல்லிச் சொல்லி ஓடினாள். யோகா தோற்றால் உனக்குத்தானே லாபம், பிறகு ஏன் கூட ஓடுகிறாய் என்று அவளிடம் சிங்களத்தில் கேட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பயமாக இருக்கிறது, ஓடினால் தேவலை என்றாள்.

நேரம் முடிவதற்குச் சற்று முன் யோகா மறுபடி ஏறினாள். நாற்பத்தெட்டு. வெளியே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனித் தண்ணீர் ஊற்றினேன். உதட்டுத் தோல் உரிந்திருந்தது.

பத்து மணிக்குப் போட்டி. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னெச்சில் அறுபத்தெட்டு தூக்கினாள். அடுத்தது கிளீன் அண்ட் ஜேர்க். முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ள வேண்டும். மூன்று தடவை தூக்கலாம். முதலில் எண்பத்துநாலு போனது. எண்பத்தேழு போனால் கணக்குச் சரி. அது தோளிலிருந்தே நழுவியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

தூக்கினாள். தலைக்கு மேல் போய் நின்றது. நான் எழுந்துவிட்டேன். நடுவர் இறக்கச் சொல்லும் வரை அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கால் மடங்கி, கம்பி முன்னால் விழுந்தது. மூன்று சிவப்பு விளக்கு, தூக்கியது செல்லாது.

தில்ருக்ஷி தெரிவானாள். அவள் யோகாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யோகா இனி வயிறு நிறையச் சாப்பிடலாமே என்றுதான் நினைத்தேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. யோகா சோறும் பருப்பும் குளத்து மீனும் வாங்கித் தின்றாள். திரும்பவும் சோறு கேட்டாள். அதன் பிறகு ஒரு சட்டித் தயிர். முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இனி நாப்பத்தெட்டுக்கு எறங்க மாட்டேன். அம்பத்திமூணுல தூக்குறேன்.”

“அதுல இருக்கிற புள்ளைங்க நூறுக்குக் கிட்ட தள்ளுதுங்கனு நீதானே சொன்ன?”

“ஆமா. வெளிநாடெல்லாம் இனி கெடைக்குமோ என்னமோ.” தயிர்ச் சட்டியைச் சரித்துப் பார்த்தாள். “பசிக்குதுக்கா. நாலு வருசமா பசிக்குது.”

அம்மாவும் நானும் அவளுக்கு எடுத்து வைத்த சோற்றையெல்லாம் அவள் நகர்த்திவிட்டபோது, அது பிடிவாதம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

திரும்பும் வழியில் பெல்மதுளையில் மழை பிடித்தது. ஷட்டரை இறக்கிவிட்ட பஸ்ஸில் யோகா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வேகாத வெயிலில் இருந்து வந்த எனக்கு அந்த ஈரக் காற்று போதும் போலிருந்தது. ஆனால் மறுநாள் விடியற்காலை நான் அதையும் விட்டுவிட்டு அவிசாவளையில் கொழும்பு பஸ் பிடித்தேன். கடையில் ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் யோகா எனக்குப் போன் எடுத்தாள்.

“அம்பத்தொண்ணுக்கா,” என்றாள்.

எடை கூடியதை அவள் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.