குளவிக்கு முன்னால் கல்லாய்ச் சமைந்தேன்

போன வெள்ளிக்கிழமை கரவெட்டியில் ஒரு குடிபூரல். என் அலுவலகத் தோழி சுபா புது வீடு கட்டி, பால் காய்ச்சி, ஊரையே அழைத்திருந்தாள். போகாமல் இருக்கலாமா? பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

பால் பொங்கியது. ஐயர் விடைபெற்றார். பந்தி தொடங்கியது. முற்றத்து மாமரத்தடியில் காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். சுபாவின் தங்கை துஷா வந்தாள், கையில் நான்கு மாதப் பெண்குழந்தை.

“அக்கா, பிள்ளையை ஒருக்கால் வைச்சிருங்கோ. ரெண்டு வாய் சாப்பிட்டிட்டு ஓடி வாறன்.”

வாங்கிக்கொண்டேன். குழந்தை தன் கைமுட்டியைச் சூப்பியபடி என்னை ஆராய்ந்தது. பந்திக்குக் காத்திருப்பவளுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

அந்த நேரம் பார்த்துச் சுபாவின் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பால் பொங்கும்போது கொளுத்த மறந்த சீனவெடிக் கட்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. வாசல் படலையடியில் கட்டி, பற்றவைத்தார். சத்தத்தில் குழந்தை பயந்துவிடுமே என்று சேலைத் தலைப்பை இழுத்து அதன் தலையை மூடினேன்.

படபடவென்று வெடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு... மாமரத்தின் உச்சியிலிருந்து இன்னொரு சத்தம். யாரோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியது போல.

“ஐயோ, குளவி! ஓடுங்கோ!”

அந்த மரத்தில் ஒரு கூடு இருந்தது யாருக்குத் தெரியும்? முற்றம் ஒரு நொடியில் காலி. கதிரைகள் புரண்டன. சுபாவின் பெரியப்பா, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், வேட்டியை மடித்துக்கட்டக்கூட நேரமில்லாமல் கிணற்றடிப் பக்கம் பறந்தார். குளவிகளும் அவரோடு பறந்தன.

நான் மட்டும் அப்படியே நின்றேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ‘கல்லாய்ச் சமைந்தேன்’ என்ற வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும். நான் எழுதும் இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை கல்லாகியிருப்பேன்? பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கியதற்கு ஒரு தடவை. மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதற்கு ஒரு தடவை. எல்லாம் பொய். குடைக்காகப் பஸ்ஸின் பின்னால் ஓடினேன். மாமியாரைக் கண்டதும் குசினிக்குள் ஓடினேன். கல் ஓடுமா?

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. முழங்கால் மடங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடு, ஓடு என்று மூளை சொல்கிறது. கால் அது வேறு யாருக்கோ சொன்னது என்று நினைத்துக்கொள்கிறது. தோளில் ஒரு குளவி நடந்தது. கழுத்தில் இன்னொன்று. அதன் கால்களை ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்கு உணர்ந்தேன். மூன்றாவது, குழந்தையை மூடியிருந்த தலைப்பின் மேல் வந்து இறங்கியது. உள்ளே குழந்தை கைசூப்பும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ரை பிள்ளை! விடுங்கோ என்னை!” — வீட்டுக்குள்ளே துஷா குழறினாள். யாரோ பிடித்து வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? தெரியாது. குளவிகள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. பிடியை உதறிக்கொண்டு, போர்வை ஒன்றைத் தலையோடு போர்த்தபடி துஷா ஓடிவந்தாள். எங்கள் இருவரையும் அதற்குள் சுருட்டி உள்ளே இழுத்தாள். அவள் தள்ளியபிறகுதான் என் கால் நகர்ந்தது.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கும் இல்லை. ஓடியவர்களில் நாலைந்து பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மருந்து கொடுத்துப் பின்னேரமே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். உதடு பணியாரம் போல வீங்கியிருந்தது. அதற்காகப் பேசாமல் விடுவாரா? கூடத்தின் நடுவே எழுந்து நின்று என்னைக் காட்டினார்.

“நாங்கள் எல்லாரும் ஓடினம். உந்தப் பிள்ளை ஓடேல்லை! அசையாமல் நிண்டால் குளவி குத்தாது எண்டு தெரிஞ்சு நிண்டவ. உதுதான் துணிவு!”

அந்த உதட்டால் சொன்னபோது ‘துணி’ என்றுதான் கேட்டது. ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஐயோ, இல்லை. நான் பயத்திலை கல்லாய்ப் போனன்” என்றேன்.

“பாருங்கோ, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார் அவர். இன்னொரு கைதட்டல்.

ஒருத்தி வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வார்த்தையைச் சரியான இடத்தில் பயன்படுத்துகிறாள் — ஒருத்தரும் நம்பவில்லை!

நான் புறப்படும்போது துஷா படலைவரை வந்தாள். குழந்தை அவள் தோளில் நித்திரை.

“அக்கா, நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் பயத்திலை ஏங்கிப் போனியள். எனக்குத் தெரியும்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஓம். ஒரு அடி எடுத்துவைக்க முடியேல்லை, துஷா. பிள்ளையோடை ஓடியிருக்க வேணும்...”

“பிள்ளையை வாங்கேக்கை உங்கடை கையை எடுக்கேலாமல் போட்டுது. விரலை ஒண்டொண்டாய்க் கழட்டினனான். அவ்வளவு இறுக்கம்.” அவள் என் கையைப் பிடித்தாள். “எனக்கு அது போதும் அக்கா.”

விரல்களைக் கழற்றியது எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டேன். கால் கைவிட்ட நேரத்தில் இந்தக் கை யாரைக் கேட்டு அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது? பயந்தவளின் கைதான். நடுங்கக்கூட மறந்த கை. துணிவு என்று நாம் கைதட்டுவதில் எத்தனை இப்படிப்பட்டதோ, யார் கண்டது?

நேற்றுச் சுபா ஃபோன் எடுத்தாள். குளவிக்கூட்டை அகற்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்களாம். “பெரியப்பா சொல்லுறார், நீங்களும் பக்கத்திலை நிண்டால் அவங்களுக்கு ஒரு தைரியமாம்!”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிக முக்கியமான வேலை இருக்கிறது — என்ன வேலை என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.