பதினோரு தையலும் நான்கு பச்சைத் திரைகளும்

கதீஜா பீ டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் என் மோட்டார் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். செய்தி கொண்டுவந்த பள்ளி ஆயா கண்ணம்மா, வெளியே நீட்டியிருந்த என் கால்களிடம்தான் அதைச் சொன்னாள். "டீச்சரம்மா, தையலம்மா பூட்டாங்கம்மா. காலைல நெஞ்ச அடைக்குதுன்னாங்களாம், அவ்ளோதான்." திடுக்கிட்டு எழ முயன்று நெற்றியை இடித்துக்கொண்டேன். அந்த வீக்கத்தோடுதான் துக்கத்துக்குப் போனேன். டீச்சர் பார்த்திருந்தால், "அழுவறதுக்கு முன்னாடி வெளிய வரணும்னு தெரியாதா?" என்று கேட்டிருப்பார்.

தியாகராய நகரில் நம் பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பித்தான் துளை கோணினால் அவர் பார்க்கும் பார்வையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் நான்கு வருஷமாக ஒரு மோட்டார் வண்டியையும் தைத்துக்கொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

எனக்கு வேலை கிடைத்த வருஷம், மயிலாப்பூர் டாக்டர் ஒருவர் கழித்துக்கட்டவிருந்த கான்வாஸ் கூரை வண்டி ஒன்று எனக்கு வாய்த்தது. எனக்கு அது முதல் வண்டி. அதற்கு நான் நான்காவது ஆள். அப்பா வக்கீல். சொற்களை நிறுத்துப் பார்த்து ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "யாராவது ஒரு ஆம்பிளை எங்கிட்ட வந்து, 'உங்க பொண்ணு வண்டியை நடுரோட்டுல நான் தள்ளினேன்'னு சொன்னான்னா, மறுநாள் அது நம்மாத்துல இருக்காது." வண்டி போனால் என் வேலையும் போகும். மயிலாப்பூரிலிருந்து அவ்வளவு தூரம் நான் தினம் தனியாகப் பஸ் ஏறுவதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

கதீஜா பீ டீச்சர் ராயப்பேட்டையிலிருந்து திரை போட்ட ஜட்காவில் வருவார். வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் கோஷா வழக்கம் அவர் வீட்டில் உண்டு. ஜட்காக்காரர் குதிரையை விற்றுவிட்டு மகளோடு ஆற்காட்டுக்குப் போய்விட்ட வாரம், டீச்சர் என் வண்டியை வந்து சுற்றிப் பார்த்தார். என்ஜினைக் கிளப்பிக் காட்டினேன்; அது லொக்கு லொக்கென்று இருமியது.

"இன்னா டீச்சரம்மா, இதுக்கு காசம் கீதா?"

"இல்லை டீச்சர், குளிர்ந்திருக்கு."

"செரி. ஒன்னோட வரேன். ஆனா இப்டி நாலு பக்கமும் தொறந்து கெடந்தா எப்டி? திரை தைச்சிர்றேன்."

அடர்ந்த பச்சையில் நான்கு திரைகள் வந்தன. அதோடு நிற்கவில்லை. தையல் மிஷின் எண்ணெய் கதவுக் கீல்களுக்குப் போயிற்று. கூரையின் கிழிசலை இரட்டைத் தையல் போட்டு, மெழுகு தேய்த்தார். அதற்குப் பிறகு மழை உள்ளே வந்ததில்லை. கோடையில் சக்கரத்தின் மர ஆரங்கள் காய்ந்து முனகினால் ஈரச் சாக்கைச் சுற்றச் சொன்னார். இருக்கைகளில் தேங்காய் நார் பிதுங்கியதற்கு, மூன்றாம் பாரத்துப் பெண்கள் பாழாக்கிய பூவேலைத் துணிகளை ஒட்டுப்போட்டு உறை தைத்தார். உங்களில் சிலருடைய கோணல் மயில்களின் மேல் நான் நான்கு வருஷமாக உட்கார்ந்து வருகிறேன். "துணியோ வண்டியோ, சத்தம் போடும்போதே கவனிக்கணும். சத்தம் நின்னுச்சுன்னா கிழிஞ்சிருச்சின்னு அர்த்தம்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு. என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்த் தொட்டி ஒழுகத் தொடங்கியபோது அவர் சொன்னார்: "முட்ட வெள்ளக்கருவ ஊத்து. கப்புனு அடைச்சிக்கும்."

"டீச்சர், எங்காத்து வாசல்ல நிக்கற வண்டி!"

"வண்டி கூடவா ஐயரு?"

கடைசியில் கடுகுப்பொடியில் சமாதானம் ஆனோம். ஒழுக்கு நின்றது. ஆனால் வண்டி சூடேறும்போதெல்லாம் ஆவக்காய் ஜாடியைத் திறந்த வாசனை. நான் வருவதை லஸ் முனை முழுவதும் மூக்கால் அறிந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அடையாற்றில் ஒரு மாணவி வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பினோம். பாலத்தின் மேல் டப்பென்று ஒரு சத்தம். என்ஜின் காற்றாடியைச் சுழற்றும் தோல் பட்டை அறுந்துவிட்டது. புஸ்ஸென்று ஆவி, ஊரெல்லாம் கடுகு. வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா நைனா, குந்திக்கிச்சா? வா, ஒரு தள்ளு தள்ளலாம்" என்று பின்னால் யாரோ கூப்பிட, இரண்டு மூன்று பேர் ஓடிவரும் சத்தம் கேட்டது. தள்ளிவிட்டால் வண்டியும் போயிற்று, வேலையும் போயிற்று. டீச்சர் நான்கு திரைகளையும் சரசரவென்று இழுத்து விட்டார்.

"டேய், கோஷா வண்டிடா! அப்பால திரும்பு!" என்று பின்னால் அதே குரல் கத்தியது.

ஓடிவந்த கால்கள் அப்படியே நின்றன. பிறகு எனக்கு மிகவும் தெரிந்த ஒரு குரல் கேட்டது. அப்பாவோடு கோர்ட்டுக்குப் போகும் சேஷாத்ரி மாமா! "யாரும் திரும்பப்படாது! பெரிய எடத்து ஸ்திரீகள்! எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துண்டு நில்லுங்கோ!"

டீச்சர் தம் புர்காவைக் கழற்றி என் தலைவழியாகப் போட்டார். "உள்ள எனக்குத் திரை கீது. வெளிய ஒனக்கு இது. போய் பட்டைய எடுத்துக்கினு வா."

திரை விலக்கி இறங்கினேன். பாலத்தில் பத்துப் பன்னிரண்டு முதுகுகள், நடுவில் மாமாவின் அங்கவஸ்திரம். அறுந்த பட்டையை எடுத்து உள்ளே கொடுத்தேன். டீச்சரின் பைக்குள் துளையூசியும் மெழுகு நூலும் எப்போதும் இருக்கும். மிஷினின் கால்பட்டை அறுந்தால் தைப்பது போலவே தைத்தார்.

"சீக்கிரம் டீச்சர்."

"அவசரமாத் தைச்சா ரெண்டு தபா தைக்கணும்."

பதினோரு தையல். பட்டையை மாட்டி, தகர டின்னில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, புர்காவோடு முன்னால் நின்று என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினேன். வண்டி இருமிக் கிளம்பியது. மாமா திரும்பாமலே, "பகவான் கிருபை. ஜாக்கிரதையா போய்ட்டு வாங்கோ அம்மா!" என்று ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னது அடுக்களை வரை கேட்டது. "நேத்திக்கு யாரோ நவாப் குடும்பத்து ஸ்திரீகளுக்குக் காவல் நின்னேன் ஓய். ஆனா ஒண்ணு. அவா வண்டியும் உம்ம பொண்ணு வண்டி மாதிரியே ஆவக்கா வாசனை அடிக்கறது."

அவர் போனதும் அப்பா கூப்பிட்டார்.

"யாராவது ஆம்பிளை தள்ளினானா?"

"இல்லேப்பா."

"தள்ளினேன்னு எங்கிட்ட வந்து சொன்னானா?"

"இல்லே."

"அப்போ கேஸே இல்லை" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்த அப்பா, டீச்சர் போன அன்று, "நானும் வரேன்" என்று வண்டியில் ஏறினார். அதுவரை அவர் அதில் உட்கார்ந்ததில்லை. ராயப்பேட்டையில், டீச்சர் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், வண்டி நின்றுவிட்டது. டீச்சர் தைத்த எதுவும் அறுந்துபோகவில்லை. காலையில் கண்ணம்மா வந்து சொன்ன அதிர்ச்சியில், நான் பெட்ரோல் ஊற்ற மறந்திருந்தேன். தெருக்கோடியில் பெட்ரோல் பம்பு தெரிந்தது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்; அங்கே அப்பா இருந்தார், துளையூசிப் பை இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

அப்பா அங்கவஸ்திரத்தை மடித்து ஒரு கோணல் மயிலின் மேல் வைத்தார். வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் போகுமுன் என் பக்கம் குனிந்தார்.

"திரையை இழுத்து விடு. அப்பத்தான் யாரும் பாக்கமாட்டா."

இழுத்து விட்டேன். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெற்றிலைக் கடைக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சைக்கிளில் வந்தவர். பிறகு தெரு முழுவதும். அத்தனை முதுகுகளுக்கு நடுவே வண்டி மெல்ல நகர்ந்து போயிற்று.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தப் பதினோரு தையலும் நான்கு பச்சைத் திரைகளும். வண்டியை விற்கும் பேச்சு வீட்டில் இல்லை. தள்ளியவர் இன்னும் அப்பாவிடம் வந்து சொல்லவில்லை.