லண்டன் பெட்டிகளும் என் பல் செட்டும்

என் மகள் கட்டிக்கொண்ட ஆளுக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயை அளவெடுத்து அச்சை அனுப்புவார். இவர் அதை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, வேகவைத்து, சக்கரத்தில் பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் கைவேலை. சிரிக்கிறவர்களுக்கு அது தெரியாது. டாக்டர் செய்ததாக நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

என் வாயில் இருப்பதும் அவர் செய்ததுதான். மேலே முழு செட். கீழே ஒரே ஒரு பல் சொந்தம், மற்றதெல்லாம் அவர் உபயம். மாமியாருக்குப் பல் முளைக்க வைத்த மாப்பிள்ளை எங்கள் சொந்தத்தில் இவர் ஒருத்தர்தான். அந்த நன்றிக்காக நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று மகள் சொல்வாள். மூடிக்கொள்வதற்கா பல் வைத்தார்கள்?

செட்டை மாட்டிவிட்ட அன்றைக்கே அவர் முகம் வாடிவிட்டது. பல் நிறங்களை வரிசையாகக் கோத்து ஒரு சீப்பு மாதிரி வைத்திருப்பார், ஷேட் கார்டு என்பார். அதை என் சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

“அத்தே, எல்லாம் அம்சமா இருக்கு. இந்த ஒரு பல்லுதான் உங்க பல்லு மாதிரியே இல்ல.”

“அது ஒண்ணுதாங்க மாப்ளே என் பல்லு.”

“கார்டுலயே இல்லாத கலரு. பாக்குறவங்க இதைத்தான் பொய்ப் பல்லும்பாங்க. டாக்டர்கிட்ட சொல்லி எடுத்துரலாமா?”

“எடுக்க வந்தா கடிச்சிருவேன்னு அவர்கிட்ட சொல்லி வைங்க.”

ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இது போதும். இனி கிட்டாருக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் கிட்டார் வாசிக்கிறார். கம்பெனி ஆண்டு விழா, பள்ளிக்கூட விழா, கடை திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒரு கோஷ்டியோடு போவார். வாசிக்கிறது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால், விரல் செய்வது கொஞ்சம், பெட்டி செய்வதுதான் மிச்சம். பெட்டி என்றால் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. மேலே மூன்று குமிழ், காலால் மிதிக்க ஒரு பொத்தான், ஒரு சிவப்பு விளக்கு. கிட்டாரிலிருந்து வரும் ஒயரை இதற்குள் விட்டு மறுபக்கம் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவார்கள். பெடல் என்று பெயர்.

என்னத்துக்கு இது? அந்தக் காலத்தில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, இங்கிலாந்தில், லண்டனில், கிட்டாருக்கென்று சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்று செய்தார்களாம். உள்ளே கண்ணாடி வால்வு விளக்கு மாதிரி எரியுமாம். வால்வு சூடேறி, சத்தத்தையும் கூட்டிவிட்டால், தந்தி அழுத அழுகை இன்றைக்கு எந்த மிஷினிலும் வராதாம். அந்த அழுகையை இந்தப் பெட்டி அப்படியே அழுது காட்டுமாம். மாப்பிள்ளை அந்த ஆம்பைக் கண்ணால் பார்த்ததில்லை. போனில், காதுக்குள் சொருகுகிற ஒயரில், எவனோ வாசித்ததைக் கேட்டிருக்கிறார். அதுவும் பெடலை வைத்து வாசித்தது.

ஒரு பெட்டியோடு நின்றாலும் பரவாயில்லை. இது மணி மாதிரி அடிக்கும், இது உறுமும், இது தேன் என்று அலமாரி நிறைய அடுக்கிவிட்டார். மகளின் புடவைகள் எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

“இதாங்க கடைசி,” என்பார் ஒவ்வொரு தடவையும்.

“போன பெட்டியும் இதையேதான் சொல்லிக்கிட்டு உள்ள வந்துச்சு,” என்பாள் மகள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

என்னைத்தான் பரீட்சை வைப்பார். சாப்பாட்டு மேசையில் இரண்டு பெட்டியை வைத்து, மாற்றி மாற்றி மிதித்து வாசிப்பார்.

“அத்தே, கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க. எது லண்டன்?”

“ரெண்டுமே மிக்ஸிதான் மாப்ளே. ஒண்ணுல ஜாரு மூடியில்ல.”

“அது வால்வோட கதகதப்பு அத்தே!”

“அப்ப குளிருக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படுங்க.”

கோபம் வராது அந்த மனுஷனுக்கு. அதில் என் வீட்டுக்காரரைவிட மேல். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். இருந்தபோதும் சொல்லவிடவில்லை, இப்போதாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு ஏக்கம் இருந்தது. விழாவில் வாசிப்பதை யாரும் கேட்பதில்லை. முன் வரிசையில் கை குலுக்குவார்கள், பின் வரிசையில் கதை பேசுவார்கள். ஒருநாள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“ஒரே ஒரு பாட்டுலயாவது நான் வாசிச்சது பதிவாகணும் அத்தே. எங்கேயோ ஒரு ஆளு, என்னைத் தெரியாதவன், அதைக் கேக்கணும்.”

நான் கிண்டல் பண்ணாமல் ஒயரின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தேன். நான் அப்படிச் செய்வது அபூர்வம்.

அந்த ஏக்கத்துக்கு ஒரு வழி வந்தது. வயதான பாட்டுக்காரர் ஒருத்தர். சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார், தன் பாட்டுகளைத் தானே பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஏதோ விழாவில் மாப்பிள்ளையின் விரலைப் பார்த்திருக்கிறார். ஒரு பாட்டுக்கு கிட்டார் வேண்டும், வந்து வாசித்துக் காட்டு, பிடித்திருந்தால் அங்கேயே பதிவு என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு, “பெட்டி எதுவும் கொண்டாராத தம்பி. எங்கிட்ட பழைய இங்கிலீஷ் வால்வு ஆம்ப் இருக்கு,” என்றாராம்.

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அவ்வளவு வெட்கம் இல்லை.

பாட்டுக்காரர் வரச்சொன்ன அன்றைக்கே எனக்குக் கண் ஆஸ்பத்திரி. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டூடியோவும் ஆஸ்பத்திரியும் ஒரே ரோட்டில். அதனால் டாக்ஸியில் கிட்டாரும் நானும் ஒன்றாகப் போனோம். கிட்டாருக்கு ஜன்னலோரம். காலடியில் ஒரு சூட்கேஸ் இடித்தது.

“பெட்டி வேணாம்னாருல்ல மாப்ளே?”

“ஒரு பாதுகாப்புக்கு அத்தே.”

ஸ்டூடியோ ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, தரையில் கம்பளம், சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். என்னை ஒரு சோபாவில் உட்கார வைத்தார்கள். பாட்டுக்காரர் மரியாதையான மனுஷர். ஆனால் அவர் பேசும்போது ‘ச’ வந்தால் கூடவே ஒரு சின்ன விசிலும் வந்தது. முன் பல் செட். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நானும் அந்தச் சாதிதானே.

அறை மூலையில் ஒரு போர்வையை விலக்கினார். ஆம்ப். முன்பக்கம் துணி, மூலையெல்லாம் அடிபட்டு, பழைய டிரங்குப் பெட்டி மாதிரி நின்றது. ஸ்விட்சைப் போட்டதும், “கொஞ்சம் இருங்க, சூடாகட்டும்,” என்றார். பின்னால் கண்ணாடிக் குழல்கள் செம்மஞ்சளாகக் கண் விழித்தன. தூசி கருகுகிற வாசனை.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஒயரைச் சொருகி, ஒரே ஒரு தந்தியைத் தட்டினார்.

அது காதுக்கு வரவில்லை. நெஞ்சுக்கு வந்து, அங்கிருந்து தாடைக்கு ஏறியது. என் மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்றோடொன்று கடகடவென்று அடித்துக்கொண்டன. மாப்பிள்ளையின் அலமாரி முழுக்க இத்தனை வருஷம் அழுதும் அசையாத பல்.

அவர் நிறுத்தினார். மறுபடி தட்டினார். ஒரு குமிழைத் திருகினார். முகம் வாடியது. அந்த வாட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் வாய்க்கு நேராக.

“சார், இது எங்கேயோ ரிப்பேர் இருக்கு போல.”

“என்ன ரிப்பேர்?”

“சத்தம் ஒரிஜினல் மாதிரி வரல.”

“ஒரிஜினலே இதுதானே தம்பி. எங்கண்ணன் கப்பல்ல வேலை பாத்தப்ப அங்கேருந்து கொண்டாந்தது.”

“இருக்கலாம் சார். ஆனா அந்த மணி சத்தம் இதுல இல்ல. ஒரு நிமிஷம், எங்கிட்ட இருக்கு.”

சூட்கேஸ் திறந்தது. பெட்டிகள் வரிசையாகக் கம்பளத்தில் உட்கார்ந்தன. லண்டன் ஆம்ப் மாதிரி அழுகிற பெட்டியை லண்டன் ஆம்புக்குள்ளேயே சொருகினார். சொந்தப் பல் இருக்கிறவன் அதற்கு மேல் செட் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கூச்சல். பாட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

“தம்பி, நேரா சொருகி வாசிக்கிறதுன்னா வாசி. உன் விரலுக்காகத்தான் கூப்பிட்டேன். இல்லன்னா எங்கக்கா மகன் இருக்கான், அவனையே வாசிக்கச் சொல்லிக்கிறேன்.”

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இவர் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல வார்த்தை சொல்லி அவரைத் தள்ளிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

“வாசிங்க மாப்ளே! அவ்வளவு நல்லாருக்கு. என் பல் செட்டே ஆடிப்போச்சுன்னா பாத்துக்கோங்க.”

அவர் முகம் மாறியது. கிட்டாரைக் கழற்றி சோபாவில் சாத்தினார்.

“செட் ஆடுதா? எந்தப் பக்கம்? எப்பலேருந்து அத்தே? எங்கிட்ட சொல்லவேயில்லையே!”

“ஐயோ, அதை விடுங்க. போய் வாசிங்க.”

“வாயத் திறங்க.”

சட்டைப் பையிலிருந்து, கார்பன் மாதிரி மை ஒட்டுகிற ஒரு நீலக் காகிதத் துண்டு வந்தது. அந்த மனுஷன் அது இல்லாமல் வெளியே போகமாட்டார். “கடிங்க. இன்னொருவாட்டி. தாடைய இப்பிடி நகத்துங்க.” நான் கடித்தேன். பல்லில் நீலம் எங்கே பட்டிருக்கிறது என்று போன் விளக்கை அடித்துப் பார்த்தார். “இடது பக்கம் ஓங்கி நிக்குது. என் தப்புதான். என் தப்புதான்.” ஆம்பைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. கடிங்க, நகத்துங்க என்று தயங்காமல் உத்தரவு போட்டார். இதே ஆள் கிட்டாரோடு இப்படி நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

பாட்டுக்காரர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி காயிதம் அது?”

மாப்பிள்ளை திரும்பாமலே சொன்னார். “உங்களுக்கும் பாக்கணும் சார். வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மேல் முன் பல்லு சரியா உக்காரல. நாக்குக்கு எடம் பத்தல, காத்து சந்துல போகுது. அதான் விசிலு.”

பாட்டுக்காரர் தன் முன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். அப்புறம், “இந்த விசிலாலதான் பாட்டே முடியாம நிக்குது தம்பி,” என்றார். விசிலோடுதான் சொன்னார்.

பிறகு நடந்ததை இழுக்க வேண்டியதில்லை. டாக்டர் அளவெடுத்தார், மாப்பிள்ளை புது செட் செய்தார். போட்டுப் பார்த்து, கழற்றி, தேய்த்து, பாடச் சொல்லிக் கேட்டு, மறுபடி தேய்த்து, ஒரு பாட்டுக்காக ஒரு பல்லை அப்படி இழைத்தார். பெட்டி இல்லாமல் வாசிக்க இவர் ஒத்துக்கொள்ளவில்லை, கிட்டாருக்குப் பாட்டுக்காரரின் அக்கா மகன் வந்தான். நேராகச் சொருகினான், வாசித்தான், போய்விட்டான்.

பாட்டு வெளிவந்ததும் மகள் போனில் வைத்தாள். மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டோம். ‘ச’ எல்லாம் கழுவி எடுத்த மாதிரி விழுந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கேட்கிறார்களாம். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எப்பிடிங்க இருக்கு?”

“கிட்டார் சுமார். ஒரிஜினல் மாதிரி இல்ல.”

“பல்லு?”

அவர் பாட்டை முதலிலிருந்து வைத்து, காதைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோனார். “பல்லு அருமை,” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

இதோடு திருந்தியிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்தக் கிட்டார்க்காரர்களைத் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு புதுப் பெட்டி வந்தது. இது அந்தப் பாட்டுக்காரரிடம் இருக்கும் அதே ஆம்பின் சத்தத்தை அப்படியே கொடுக்குமாம். அலமாரியில் இடமில்லாததால் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, குமிழெல்லாம் முழுக்கத் திருகி, ஒரு தந்தியைத் தட்டினார். தட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆடுதா அத்தே?”

“இல்ல மாப்ளே.”

“கொஞ்சங்கூட?”

“நீங்கதான டைட் பண்ணிவிட்டீங்க.”

செட் ஆடவில்லை என்றால் பெட்டி தோல்வி. ஆடினால் அவர் கைவேலை தோல்வி. எதற்கு வருத்தப்படுவது என்று தெரியாமல் அவர் இன்னும் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டுதான் இருக்கிறார்.