வடையோடு விழுங்கிய வைட்டமின்

வைட்டமின் மாத்திரையை ஊக்கால் குத்திப் பிழிகிற வீட்டில் நான் வாழ்ந்திருக்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில், தொண்ணூறுகளில்.

அப்பா எழுபதைத் தாண்டியிருந்தார். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளைப் பார்த்தாலே அவருக்கு மலைப்பு. அதற்காக மேற்குப் பக்கம் மார்க்கெட்டுக்குப் போகாமல் இருப்பாரா? தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே நடப்பார். இந்தப் பக்கம் மின்சார ரயில், அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ், நடுவில் கையில் பையோடு என் அப்பா. ஆபீஸிலிருந்து வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

டாக்டர் வைட்டமின் ஈ எழுதிக் கொடுத்தார். பச்சையாகப் பளபளக்கும் எண்ணெய் உருண்டை. ஆன்டி ஆக்ஸிடன்ட், காலுக்கும் நல்லது, கொடுத்துப் பாருங்கள் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கால் தேறினால் மனிதர் படியேறுவார், தண்டவாளத்தை விட்டுத் தொலைப்பார்.

அங்கேதான் அம்மா குறுக்கே வந்தாள். அந்த உருண்டையின் தோல் மாட்டெலும்பில் செய்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டாள். நாங்களோ சுத்த சைவம். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் ஊக்கால் குத்தி, எண்ணெயை நீர்மோரில் பிழிந்து, வெறும் வயிற்றில் அப்பாவிடம் நீட்டுவாள். மருந்தென்றால் வெறும் வயிறுதான் என்பது அவள் சட்டம். பாதி எண்ணெய் டம்ளர் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"டம்ளருக்குத்தாம்மா கால் வலி போகும்!" என்று கத்தினேன். அவள் டம்ளரைச் சபீனா போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடைக்காரரிடம் வேறு மாதிரி கிடைக்குமா என்று கேட்டேன். "தூள் மாத்திரை கீதுக்கா. தோலே கெடையாது, சப்பியும் துன்லாம்" என்றார். வாங்கி வந்தேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று அப்பா துப்பிவிட்டார்.

மறுபடியும் டாக்டர். உருண்டையோ, தூளோ, சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் இது உடம்பில் சேரும், இந்த வயதில் வெறும் வயிற்றில் கொடுப்பது வீண் என்றார். ஆனால் எங்கள் வீட்டில் எண்ணெய்க்குத் தடை. அப்பாவுக்குக் கொழுப்பு அதிகம் என்று இதே டாக்டர் முன்பு சொன்னதைக் கேட்டு, தாளிப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள் அம்மா.

"அன்னைக்கு எண்ணெய் விஷம்னாரு. இன்னைக்கு அதோட சாப்பிடணுமாம். அவர் பேச்சுக்கெல்லாம் என்னால ஆட முடியாது."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. நல்ல வேளையாக அப்பாவே சமாதானத்துக்கு வந்தார். "விடுங்க, இனிமே நானே பாத்துப் போட்டுக்கறேன்." பச்சை உருண்டை அட்டை அவர் சட்டைப்பைக்குப் போனது. நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்குகிறேன், தண்டவாளத்தின் நடுவில் அப்பா. ஹாரன் அலறுகிறது. கால் இழுத்துப் பிடித்ததோ என்னவோ, குனிந்து நிற்கிறார். "அப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவர் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். ரயில் கடந்து போனதும் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன்.

"எங்கப்பா போயிட்டு வர?"

"வடைக் கடைக்கு" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "டாக்டர் எண்ணெயோட போடச் சொன்னாரே. உங்கம்மா ஊத்த மாட்டேங்கறா. அதான் தெனமும் ஒரு வடை, கூட ஒரு மாத்திரை. அப்படியே முழுங்கிடுவேன்."

"அதுக்கு தண்டவாளத்தையா தாண்டுவ?"

"கால் சரியாகற வரைக்கும்தானே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிவந்தேன். வீட்டில் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், அவள் பரணில் கிடந்த நல்லெண்ணெய்த் தூக்கை இறக்கி, அவர் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் சட்டைப்பையிலிருந்து பச்சை உருண்டை ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஊக்கு அவள் வளையலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"முழுசா முழுங்குங்க" என்றாள். "எலும்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."