முறைத் தண்ணீரும் எங்கள் வீட்டு லைனும்

லைன் இன்ஸ்பெக்டரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கைக்குட்டைதான். நீலக் கட்டம் போட்டது, இஸ்திரி மடிப்புக் கலையாதது. எங்கள் வீட்டு டெலிபோனைப் பழுது பார்க்க வந்தால், ரிசீவரை அந்தக் கைக்குட்டையால் மேலும் கீழும் அழுத்தித் துடைத்த பிறகுதான் காதில் வைப்பார். துடைத்த கைக்குட்டை திரும்பச் சட்டைப் பைக்குள் போகாது, மொபெட்டின் முன்கூடைக்குப் போகும். மேலத்தெருவில் என்னோடு படித்தவள் வீட்டிலும் அவர் பழுது பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ரிசீவரைச் சும்மா எடுத்தார், சும்மா வைத்தார், காபி குடித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால்கூட "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். ஆகவே அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

வலங்கைமானிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து போனால் எங்கள் ஊர். அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பா குத்தகைக்குப் பாடுபட்டு, தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்த பிறகு வந்து சேரும் கடைமடையில் கொஞ்சம் நிலம் வாங்கினார். அக்காவையும் என்னையும் படிக்க வைத்தார். அக்காவுக்குப் பட்டப்படிப்பு முடிந்த கையோடு மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார். அவள் கணவருக்கு எதற்கெடுத்தாலும் கை ஓங்கும். ஒரு நாள் இடது கண் வீங்கிப்போய், மாற்றுப் புடவைகூட இல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூடி உட்கார்ந்து பேசினார்கள். எத்தனை நாள் பெண்ணை வீட்டில் வைத்துச் சோறு போடுவாய் என்று அப்பாவைக் குடைந்தார்கள். நெருக்குதல் தாங்காமல் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். ஆவணி முடிவதற்குள் அக்கா சம்பாதித்துத் தன் காலில் நின்றால் எங்களோடு இருப்பாள், இல்லையென்றால் தானே அவளைக் கணவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அந்த வாக்கை அப்பா கொடுத்திருக்கக் கூடாது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்துவைத்ததைக் காதில் கேட்டு, பிழையில்லாமல் டைப் செய்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். நோயாளிகளின் விவரம் என்பதால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்யக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. அப்போது எங்கள் பக்கம் செல்போனில் பேசுவதற்கே மாடிப்படி ஏற வேண்டும். இன்டர்நெட் வேண்டுமென்றால் டெலிபோன் கம்பிதான் கதி. சித்திரையில், வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, இன்ஸ்பெக்டர் ஆள் வைத்து எங்கள் தெருவுக்கு லைன் இழுத்துக் கொடுத்தார். அக்கா பழகும் காலத்துக்கு ஆடிக் கடைசி வரை கெடு. அதில் தேறினால் வேலை நிலைக்கும்.

வேகமாகத்தான் கற்றுக்கொண்டாள். அவள் விரல்கள் ஓடும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். ஆனியில் லைன் படுத்தது. ரிசீவரை எடுத்தால் கரகரவென்று ஒரு இரைச்சல், அப்புறம் அதுவும் இல்லை. மோடத்தில் எரிய வேண்டிய விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. புகார் செய்தால் இன்ஸ்பெக்டர் உடனே வர மாட்டார். ஆடி அசைந்து அவர் வந்து சேரும்போது லைன் தானாகவே சரியாகியிருக்கும். ரிசீவரைத் துடைத்து, கேட்டு, "நல்லாத்தானே இருக்கு? உங்க வீட்டு வயர்லதாம்மா கோளாறு. மோடத்த அணைச்சிப் போடுங்க" என்று சொல்லி, புகாரை முடித்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்த சில நாளில் மறுபடி இரைச்சல் தொடங்கும்.

அக்கா அவர் சொன்னது அத்தனையும் செய்தாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றினாள். கும்பகோணத்திலிருந்து புது வயர் வாங்கி வரச் சொல்லி மாற்றினாள். கடைசியில் வீட்டு வயரையே மொத்தமாக விலக்கிவிட்டு, வாசல் சுவரில் லைன் வந்து சேரும் பெட்டியில் நேராகப் போனை மாட்டிக் கேட்டாள். அங்கேயும் அதே இரைச்சல். ஆக, கோளாறு வீட்டுக்குள் இல்லை, வெளியே என்பது தெளிவாகிவிட்டது. வெளியே எங்கே என்பது அப்பா சோற்றில் கை வைத்தபடி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சொல்லில் பிடிபட்டது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாரம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர், அடுத்த வாரம் அடைப்பு. "நாளைக்கு நம்ம முறை, வயலுக்குப் போவணும்" என்றார் அப்பா. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முறை வந்தால் லைன் போகிறது, அடைத்தால் லைன் வருகிறது. விடிந்ததும் இருவரும் வாய்க்காலுக்கு ஓடினோம். தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. கேபிள் இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியது. நட்ட நடுவில், சேற்றுக்குள், கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு ஒன்று தெரிந்தது. மேலத்தெருவுக்குப் போகும் கேபிளைப் பாலத்தின் மேல் குழாய்க்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் கீழத்தெருவுக்கு அந்தச் சுற்று எதற்கு என்று காய்ந்த வாய்க்காலில் குறுக்கே போட்டுவிட்டார் மனிதர். நெல் விளையும் ஊரில் பிறந்து வளர்ந்தவர், வாய்க்கால் என்றால் ஒரு நாள் தண்ணீர் வரும் என்பதை மறந்துவிட்டாராம்!

அக்கா நேரே போய் டீக்கடை வாசலில் அவரைப் பிடித்தாள். "சார், ஜாயின்ட்டு வாய்க்காலுக்குள்ள கெடக்குது. தண்ணி வந்தா லைன் போயிடுது, வத்துனா வந்துடுது. பாலத்து மேல ஏத்திக் கட்டிக் குடுங்க சார்."

அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, நெல்லுக்குத்தான் மொறத் தண்ணி. டெலிபோனுக்குமா மொற வெப்பாங்க?" என்றார். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு நாங்கள் தெருவில் நடந்தால் "இன்னைக்கு யாரு மொற?" என்று கேட்பது பையன்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. மேலதிகாரிக்குச் சொன்னால், அவர் அதே இன்ஸ்பெக்டரையே விசாரிக்க அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வாய்க்கால் பக்கமே போகாமல், குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் கெடு முடியும் வாரம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் விடும் முறையாக வந்து அமைந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை வேலை பாதியில் நின்றதால், இனி ஒரு தடவை நின்றால் வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அப்பா எங்களுக்குக் கீழே நிலம் வைத்திருந்த இரண்டு பேரிடமும் போய், இந்த ஒரு முறைக்கு வாய்க்காலை அடைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "பொண்ணு பொழப்பாச்சே, ஒரு வாரம் தானே, பாத்துக்கலாம்" என்று அவர்கள் சம்மதித்தார்கள். அப்பா மண்வெட்டியோடு இறங்கி, இணைப்புக்கு மேலே வாய்க்காலைக் குறுக்கே அடைத்தார். மேல் வயல்களில் தண்ணீர் ஏறிவிடாமல் வடிகாலுக்கு ஒரு வாய் வெட்டிவிட்டார். தண்ணீருக்காகக் கடைமடையில் காலம் பூராவும் காத்துக் கிடந்தவர், வந்த தண்ணீரைத் தன் கையாலேயே வேண்டாம் என்று திருப்பிவிட்டார். எங்கள் பயிர் நுனி கருகிக்கொண்டிருந்தது. ஆனால் லைன் அறுபடாமல் இருந்தது. அக்கா சாப்பாட்டைக்கூடக் கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் முறையில் லைன் சாகாமல் இருக்கிறது என்றால் குற்றம் இணைப்பில்தான் என்று ஊருக்கே வெளிச்சமாகிவிடும். இன்ஸ்பெக்டருக்கு அது புரிந்துவிட்டது. கடைசி நாள் மத்தியானம் மேலத்தெருவுக்குப் போய், "கீழத்தெருக்காரன் வாய்க்காலையே அடைச்சிட்டான், ராத்திரிக்குள்ள உங்க வயலெல்லாம் முழுவப் போவுது" என்று ஏற்றிவிட்டிருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். எந்த வயலிலும் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறவில்லை. யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. அப்பா அடைப்பின் மேல் ஏறி நின்று, "சாயங்காலம் வரைக்கும் பொறுங்கய்யா, நானே எடுத்துடுறேன்" என்று கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். "பொதுத் தண்ணியத் தடுக்கறது சட்டப்படி தப்பு, தெரியுமா ஒனக்கு?" என்றார், தன்னைவிட வயதில் மூத்தவரைப் பார்த்து. அப்பாவை ஒருவன் கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். அடைப்பை வெட்டினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா காதில் ஹெட்போனோடு டைப் செய்துகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மோடத்தைப் பார்த்தாள். விளக்கு சிமிட்டத் தொடங்கியிருந்தது. அவள் அழவில்லை. நான்தான் அந்த ஆளின் பெயரைச் சொல்லி, வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். மறுவாரம் தண்ணீர் அடைத்த பிறகு லைன் தானாக வந்தது. முதலில் வந்த அழைப்பு கம்பெனியிலிருந்து, வேலை இல்லை என்று சொல்ல. ஆவணியில் ஒரு வளர்பிறை நாள் பார்த்து அப்பா அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த டெலிபோனை யாரும் தொடவில்லை.

நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஊரில் இப்போது கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது, கம்பம் கம்பமாகத் தலைக்கு மேலே போகிறது. போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். பணி ஓய்வு பெற்று, தலை நரைத்து, சந்தனம் பூசி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்தப் பொண்ணு தெருவுக்கு நெட்டு லைன் இழுத்துக் குடுத்ததே நான்தான். அதுல படிச்சித்தான் இன்னைக்குக் காலேஜ்ல பாடம் எடுக்குது. அக்கா என்னம்மா பண்றாங்க?"

எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "அடிக்கிற வீட்டுக்கே திரும்பிப் போயிட்டாங்க சார். ஆள் கூட்டியாந்து அடைப்ப வெட்டுனீங்களே, அன்னையோட அவங்க வேலை போச்சு." அவர் என்னையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். "அப்புடியா? எனக்கு ஞாபகம் இல்லியேம்மா" என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட என் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மண்டப வாசலுக்கு வந்து அழைத்தேன். வழக்கம்போல அவள் கணவர் எடுத்தார். அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"என்ன விஷயம்? எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்" என்றார்.