எங்கள் ஓடையையும் எங்களையும் சந்தேகித்தவர்

சுலோச்சனா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. புத்தூரில் உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, அக்கா அன்று காலை திருப்பதியில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்றது. "மீரு எவரு? யாரு பேசறது?" என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லும் முன்பே அழைப்பைத் துண்டித்துவிட்டேன். தெரியாத எண்ணிலிருந்து வருகிறவர்கள் இன்று எதைச் சொல்லியும் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள். அக்காவின் எண்ணை நானே அழைத்தேன். எடுத்ததும் அதே குரல்தான். அவருடைய மகள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன். "பரவால்ல அங்கிள்," என்று அழுதபடியே சொன்னார் அந்தப் பெண். "அம்மா கூட இப்பிடித்தான் செஞ்சிருப்பாங்க."

அக்காவை அறிந்த உங்களுக்கு இந்த வார்த்தையின் பொருள் புரியும். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுலோச்சனா அக்கா நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு, கெட்டுப்போன எங்கள் ஊர் ஓடையைச் சீர்படுத்த முன்வந்த ஒரு சிறு குழுவினர், தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்ல அவரை அழைத்து வந்தார்கள். நான் அந்த ஓடைக்கரையில் கரும்பு பயிரிட்ட விவசாயி. ஏகாம்பரம் என்றால் ஊரில் தெரியும்.

அப்போது எங்கள் ஓடை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் போதும். மாடுகள் அதில் வாய் வைக்கவில்லை. தை மாதம் பிறந்ததும் ஓட்டம் நின்றுவிடும். குழிகளில் தேங்கிய தண்ணீரின்மேல் பச்சைப் பாசி மூடும். கரை ஓரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். இதற்கெல்லாம் யார் காரணம் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஊருக்குக் கீழே ஒரு சாயப்பட்டறை இருந்தது. பட்டறைக்காரர்தான் குற்றவாளி. அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே அக்காவை வரவேற்றோம்.

அக்கா ஒரே நாளில் ஓடை நெடுக ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்தார். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் எங்களைக் கூட்டி முடிவைச் சொன்னார். பட்டறைக்குக் கீழே தண்ணீர் மோசம். ஆனால் பட்டறைக்கு வெகு மேலே, சாயம் ஏறி வரவே முடியாத இடத்திலும், உப்பு ஏறத்தாழ அதே அளவு. கூடவே யூரியாவின் மிச்சமும் இருந்தது.

"பட்டறைக்காரரு யோக்கியர்னு நான் சொல்லல," என்றார். "அவரு கழிவ வுடாம இருக்க வேண்டியது தனி வேல, அதயும் பாப்போம். ஆனா மேல கெட்டுப்போனதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? ஓடைக்குக் கீழயிருந்து நல்ல தண்ணி ஊறி வரணும். அத உங்க போர்க்கெணறு எல்லாம் மொதல்லயே உறிஞ்சிடுது. மிஞ்சி வரது கரும்புக்குப் பாய்ச்சி வடிஞ்ச தண்ணி. உப்பும் ஒரமும் அதுல கீது. கலக்கறதுக்கு நல்ல தண்ணி இல்லன்னா ஓடை கெடாம இன்னா செய்யும்?"

கூட்டத்தில் ஒரேயடியாக எல்லோரும் பேசினார்கள். அவர் சாயப்பட்டறையை நம்பிப் பிழைக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண் என்பது அந்த நிமிடத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. எனக்கு அடுத்த நிலத்துக்காரர் முனிரத்தினம் எழுந்தார்.

"மேடம், பட்டறைக்காரரு ஊட்ல நீங்க காபி குடிச்சீங்களா இல்லியா? நான் என் கண்ணால பாத்தேன்."

"குடிச்சேன்," என்றார் அக்கா. "உங்க ஊட்லயும்தான் குடிச்சேன். ரெண்டு ஊட்டுத் தண்ணியையும் எடுத்தும் போனேன். உங்க ஊட்டுத் தண்ணிதான் மோசம். கொழந்தைங்களுக்கு அதக் குடுக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் முனிரத்தினமும் நானும் ஒரே முடிவுக்கு வந்தோம். அக்காவை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

அதை நிரூபிக்க நான் ஒரு வேலை செய்தேன். அடுத்த மாதம் தண்ணீர் எடுப்பதில் உதவுவதாக முன்வந்தேன். பட்டறைக்குக் கீழே எடுக்க வேண்டிய பாட்டிலில் ஓடைத் தண்ணீருக்குப் பதில் என் வீட்டுக் கேன் தண்ணீரை நிரப்பி, சீட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அக்கா பரிசோதிக்காமல் இஷ்டத்துக்கு எழுதுகிறவராக இருந்தால், அந்தப் பாட்டிலுக்கும் ஓடைத் தண்ணீரின் கணக்கைத்தானே எழுதுவார்? அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் முன்னால் நிற்கலாம் என்று திட்டம்.

நான்காம் நாள் மத்தியானம் நான் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். வரப்பில் அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் அந்தப் பாட்டில்.

"இன்னா ஏகாம்பரம், இது எந்தக் கம்பெனி கேனு?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். "உங்க மேல நம்பிக்க இல்லாம செஞ்சிட்டேன்க்கா," என்றேன். அன்றுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத நானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். தப்பு என்னுது. இனிமே ஒவ்வொரு தபாவும் ஒரு திருட்டுப் பாட்டில் இருக்கட்டும். உள்ள இன்னா ஊத்தினீங்க, எதுல ஊத்தினீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. நான் கண்டுபிடிக்கலன்னா அந்த மாசக் கணக்க மொத்தமா கிழிச்சிப் போட்டுடுங்க."

அதன்படியே நடந்தது. ஊரார் போட்டி போட்டுக்கொண்டு அவரை ஏமாற்றப் பார்த்தார்கள். ஒரு முறை முனிரத்தினம் இளநீர் கலந்துவைத்தார். ஒரே ஒரு மாதம் அக்கா தவறவிட்டார். அன்று அவரே எல்லோர் முன்பும் தாளைக் கிழித்துவிட்டு, மறுநாள் முதல் பேருந்தில் வந்து ஐந்து இடங்களிலும் மறுபடி தண்ணீர் எடுத்தார். சந்தேகம் எங்களைப் பிரிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பாட்டில்களால்தான் ஊர் அவருடைய எண்களை நம்பத் தொடங்கியது.

பட்டறைக்காரரையும் அவர் விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். "வெள்ளிக்கெழம வரேன்" என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமை போவார். கழிவு ஓடைக்கு வராமல் தொட்டி கட்டி முடியும் வரை அந்த வீட்டில் காபி மட்டும் தவறாமல் குடித்தார்.

எங்கள் பங்கு கடினமானது. ஓடையை ஒட்டிய ஒன்பது போர்களின் மோட்டாரைத் தை முதல் நிறுத்தி வைப்பது, கரும்பை விட்டு வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுவது, அதற்குத் தூரத்தில் இருக்கும் ஒரே போரிலிருந்து சொட்டு நீர் எடுத்துப் பகிர்ந்துகொள்வது, கரையில் உரம் போடாமல் ஒரு பட்டை புல் விடுவது. இரண்டு வருடம் செய்து பார்க்கலாம் என்று ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரைச் சந்தேகித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டோம். அது அக்காவுக்குத் தெரியும். ஓடை ஓரம் பாழாய்க் கிடந்த கிணற்றில் அளவுக்கோடு போட்ட கம்பி ஒன்றை இறக்கினார். யார் மோட்டார் போட்டாலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கும். தினமும் காலையில் யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதலாம்.

இனி எழுதப்போவது ஊருக்குத் தெரியும். இருந்தாலும் அவருக்கான அஞ்சலியில் அதை விட்டுவிட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும்.

முதல் வருடம் மாசியில், நான் விடாமல் வைத்திருந்த ஒரு துண்டுக் கரும்பு காயத் தொடங்கியது. வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நகரியில் ஒரு கல்யாணத்துக்கு ஊரே போயிருந்த பகலில் மோட்டாரைப் போட்டேன். அடுத்த இரண்டு பகலும் போட்டேன். ஒரு துண்டு நிலம்தானே, மூன்று நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிணற்றில் தண்ணீர் இறங்கியது. கூட்டம் கூடியது. எல்லோர் கண்ணும் முனிரத்தினத்தின் மேல் திரும்பியது. மோட்டாரை நிறுத்தச் சொன்னபோது அதிகம் முணுமுணுத்தவர் அவர்தான். "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் போடல," என்றார். ஒருவரும் நம்பவில்லை. "இவன் ஒருத்தனுக்காவ நாங்க ஏன் காயணும்? நாளைக்கே எல்லாரும் போடறோம்," என்று ஒருவர் கத்தினார். நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடியப்போகிறது என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அக்கா ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். பேருந்து நிறுத்தம் வரை அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பேருந்து தெரிந்த பிறகுதான் பேசினார்.

"முனிரத்தினத்தோட மோட்டாரு ஒயர எலி கடிச்சிப் பத்து நாளா கெடக்குது ஏகாம்பரம். கூட்டத்துக்கு முன்ன நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

நான் நேராக முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். நான் செய்ததைச் சொல்லி முடித்ததும், "எம்புள்ளைங்க மேல சத்தியம் பண்ண வச்சிட்டியேடா," என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஊரைக் கூட்டி எல்லோர் முன்பும் சொன்னேன். மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டியைக் கழற்றி முனிரத்தினத்தின் கையிலேயே கொடுத்தேன். கரும்பை அறுத்து மாட்டுக்குப் போட்டேன். ஒப்பந்தம் நின்றது. முனிரத்தினம் என்னோடு பேச ஒரு வருடம் ஆயிற்று.

அந்த வருடம் ஓடை பங்குனி வரை ஓடியது. அடுத்த வருடம் சித்திரையைத் தொட்டது. பாசி குறைந்தது. கரையில் உப்புப் பூப்பது நின்றது. ஒருநாள் முனிரத்தினத்தின் பசு தானாக இறங்கித் தண்ணீர் குடித்ததைப் பார்த்து, எப்போதும் வாயே திறக்காத அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் பூமாலையோடு அக்காவுக்குக் காத்திருந்தோம்.

அக்கா மாலையை வாங்கவில்லை. "மழ நல்லா பேஞ்சிக்கினு கீது இந்த ரெண்டு வருசமும். ஓடை ஓடனது அதனாலயா, நீங்க நிறுத்தனதாலயா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத்து ஓடைக்கு எங்களை நடத்திக்கொண்டு போனார். அங்கும் அதே மழைதான். மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. அந்த ஓடை தையிலேயே வறண்டு, உப்புப் பூத்துக் கிடந்தது. அதைக் குனிந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் அக்காவின் முகம் மலர்ந்தது. அப்போதும், "இன்னும் ரெண்டு வருசம் பாக்கணும்," என்றார். ஒப்பந்தத்தை ஒன்பது பேரும் நீட்டித்தோம்.

பார்க்க அவர் இல்லை.

திருப்பதியில் அவரை வழியனுப்பிவிட்டு வந்த பத்தாம் நாள் என் மச்சான் வீட்டுக்கு வந்தான். என் மனைவியின் தம்பி. ஓடைக்கரை நிலத்தில் ஒரு மூலையை அவன் பேருக்கு மாற்றி, அங்கே ஒரு போர் போடலாம் என்றான். "ஒம்போது பேருக்குத்தான மாமா பேச்சு? நான் பத்தாவது ஆளு. உன்ன யாரு கேக்கப் போறாங்க?" அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நிலம் இல்லை. அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. குடும்பத்துக்காகத்தானே, ஒரே ஒரு போர்தானே என்று எனக்கும் தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்தபோது சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அது அத்தனை சுலபமாக வந்ததுதான் என்னை நிறுத்தியது. முடியாது என்றேன். போட்ட சோற்றைச் சாப்பிடாமல் எழுந்து போனான். மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வேண்டுமானால் புல் பட்டைக்கு மேலிருக்கும் கடலை நிலத்தில் பாதியை அவன் பயிர் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அக்காவின் படம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அவருடைய நோட்டுப் புத்தகங்களை மகள் எங்கள் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஞாயம் இனிப்பாக இருந்தால், அதை நம்புவதற்கு முன் ஒரு நாள் காத்திருக்கிறேன்.