கோட்டைக் கதவைத் திறந்தவன்

மோட்டார்க்காரர் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, பிறகு மோந்து பார்க்கிறார். வார்னிஷ் வாடை போகவில்லை. போகாது என்று அவருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி 'காயில்' கட்டுகிற கைக்கு அது கூடப்பிறந்தது. கையிலுள்ள வார்னிஷ் கறைக்குப் பயந்துதான் அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பிரவுன் தாளில் அட்டை. மேலே பெயர் எழுதுவதில்லை. "பிரிச்சா தெரிஞ்சிடப் போகுது" என்பார்.

தெரியாது என்பதுதான் வீடறிந்த சங்கதி. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் படிப்பார். ஒன்று நாவலாக இருக்கும், மற்றது சரித்திரமாக இருக்கும். நாவலைப் படித்துவிட்டு அந்தக் காலத்து வரிவிதிப்பு நியாயமா என்று வாதாடுவார். சரித்திரத்தைப் படிக்கும்போதோ, "அடப்பாவி, நீ நல்லா இருப்பியா!" என்று ராஜாவை வாய்விட்டுத் திட்டுவார். மோட்டாரில் மட்டும் எந்த முனை எங்கே போகும் என்று மனிதர் ஒருநாளும் குழம்பியதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரே கோட்டை முற்றுகையைப் பற்றி இரண்டு புத்தகங்கள் சேர்ந்தாற்போல் சிக்கின. கேட்க வேண்டுமா? பட்டினியில் குழந்தைகள் சாவதைப் பொறுக்காமல் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்ட காவல்காரனின் கதையை மகளிடம் சொல்லிச் சொல்லி அழுதார். மகள் சரித்திர டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பாவை நம்பி அதை வகுப்பில் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத இதற்கு ஆதாரத்தை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

"அப்பா, அது சரித்திரப் புத்தகம்தானே?"

"பின்ன? அவன் பொண்டாட்டி பேரு, அவனோட முழங்கால் வலி, எல்லாம் எழுதியிருக்கே!"

மகளுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. இரண்டையும் எடுத்துப் புரட்டினார்கள். முழங்கால் வலி நாவலில்தான் இருந்தது. சரித்திரத்தில் ஒரே வரி: 'கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது.'

"என் வேலைக்கே உலை வச்சிட்டீங்கப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. "தப்புதாம்மா. கதைன்னு சொல்லிடு. பழிய என் மேல போடு." ஆனால் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை. "இருந்தாலும் கதவு தானாவா திறந்துக்கும்? எவனோ ஒருத்தன் திறந்திருக்கான். அவனுக்கும் பசிச்சிருக்கும்ல? அப்ப நான் யாருக்கும்மா அழுதேன்? இருந்தவனுக்கா, இல்லாதவனுக்கா?"

"எனக்குத் தெரியலப்பா" என்றாள் மகள். கோபத்தில் பாதி அதற்குள் கரைந்திருந்தது. "எது எதுன்னு அட்டை மேல எழுதிக் குடுங்க. ரெண்டையும் காட்டி, தப்ப ஒத்துக்கிட்டு வரேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அட்டைமேல் எழுதினார். ஒன்றில் 'சரித்திரம்'. மற்றதில், மகளுக்காக, கொட்டை எழுத்தில் 'நாவல்'. அவள் வாங்கிப் பையில் வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா."

இரண்டையும் திரும்ப வாங்கி, முதுகோடு முதுகு சேர்த்து வைத்தார். காயிலைச் சுற்றிக் கட்டுகிற பருத்தி நாடாவை எடுத்து, மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிரியாத அந்த முடிச்சைப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார்.